யாரையும் ஏற்றிக்கொள்ளாத வாரம்

எங்கள் ஊர் நல்ல ஊர். இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் கெட்ட ஊராக இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். சுற்றுவட்டாரத்தில் ஒருத்தரை ஒருத்தர் ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களுக்கெல்லாம் பஸ் ஒழுங்காக ஓடுகிறது.

தென்பாதிக்குடி என்று பெயர். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகிற ரோட்டில் வந்தால் கைகாட்டி என்று ஒரு ஸ்டாப் வரும். எப்போதோ அங்கே ஊர்ப்பெயர் எழுதிய பலகை இருந்ததாம். பலகை போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. அங்கே இறங்கி வாய்க்கால் கரையோடு நாலு கிலோமீட்டர் உள்ளே வந்தால் ஊர். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். பாதி வழியில் ஒரு மதகு. நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஒன்றிரண்டு இருந்ததையும் புயல் கொண்டுபோய்விட்டது.

ஊருக்குள் வீடுகள் நிறைய இருக்கின்றன, ஆள்தான் இல்லை. எங்கள் செபஸ்தியார் கோயில் தெருவில் பாதி வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. மாரியம்மன் கோயில் தெருவிலும் அப்படித்தான். பையன்கள் சிங்கப்பூர், குவைத், திருப்பூர் என்று போய்விட்டார்கள். பெண்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கிறிஸ்மஸுக்கும் பொங்கலுக்கும் வந்து நாலு நாள் ஊரை நிரப்பிவிட்டுப் போவார்கள். மிச்ச நாளெல்லாம் வயசானவர்களும் நோயாளிகளும் வயலை விட மனசில்லாதவர்களும்தான். மூன்றாவது வகைக்கு எங்கள் பஞ்சநதம் அண்ணன்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. அவர் மாரியம்மன் கோயில் தெரு, நான் செபஸ்தியார் கோயில் தெரு. எங்கள் அப்பா நிலமும் அவர் நிலமும் வரப்புப் பங்காளிகள். சின்ன வயசிலிருந்தே அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். அதனால் அவர் என் வீட்டுக்காரரை மாப்ளே என்பார், இவர் அவரை மச்சான் என்பார்.

இந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. நடந்துபோகிற ஆளைத் தாண்டி ஒரு வண்டி போகாது. தெரிந்தவரோ தெரியாதவரோ, வண்டியை நிறுத்தி ஏறச் சொல்வார்கள். மாட்டு வண்டிக் காலத்துப் பழக்கம், மோட்டார் சைக்கிள் வந்த பிறகும் விடவில்லை. பஞ்சநதம் அண்ணன் இதில் எல்லாருக்கும் மேலே. அவர் சம்சாரம் மங்களாம்பிகைக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். அந்த அக்கா வீட்டை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தால் போதும், எவனாவது ஒருத்தன் வந்து வண்டியை நிறுத்திவிடுவான். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வான். கடைசியில் அவர் வீட்டுக் களத்திலேயே செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி நடந்தார். நாங்கள் எல்லாம் சிரித்தோம்.

சிரித்த ஊருக்குப் பஸ் காலியாக வந்துபோய்க்கொண்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணில் பட்டது. என் பெட்டிக்கடை பஸ் திரும்புகிற திடலை ஒட்டித்தான் இருக்கிறது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ் வரும். ஸ்டாப்பில் நாலு பேர் நிற்பார்கள். பஸ் வருவதற்குள் மூன்று பேரை மூன்று வண்டிகள் அள்ளிக்கொண்டு போய்விடும். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆன பிறகும் அப்படித்தான். “பஸ்ஸுக்கு எதுக்குக்கா காத்துக் கிடக்குறே, ஏறு” என்பார்கள். மிச்சம் ஏறுகிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர், அவருக்குத் துணையாக நான்.

அவர் பெயர் ஜெரால்ட். பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். இனிமேல் அவருக்கு என்ன மரியாதை குறைந்துவிடப் போகிறது.

குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். கால் வீங்கி, முகம் வீங்கி ஊருக்கு வந்தார். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் தஞ்சாவூர் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். காலை பஸ்ஸில் போனால் மதியம் பஸ்ஸில் திரும்பலாம். முதல் தடவை பஞ்சநதம் அண்ணன்தான் வண்டியில் கொண்டுபோய்க் கூட்டிவந்தார். திரும்பி வருகிற வழியில் ஜெரால்ட் தலை சுற்றிப் பின்சீட்டிலிருந்து சரிந்து விழுந்துவிட்டார். முகமெல்லாம் சிராய்ப்பு. அதற்கப்புறம் இரண்டு சக்கர வண்டி அவருக்கு ஆகாது என்று ஆகிவிட்டது. கார் பிடித்துப் போகிற வசதி எங்களுக்குக் கிடையாது. பஸ்தான்.

பஸ்ஸில் அவருக்கென்று ஒரு ஜன்னல் இருந்தது. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வரும்போது கழுத்து நிற்காது அவருக்கு. ஜன்னல் கம்பியில் தலை டங் டங்கென்று இடிக்கும். பழைய சுடிதார் துணியில் ஒரு சின்னத் தலையணை தைத்துக் கொடுத்தேன். அதைக் கம்பிக்கும் தலைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கண்டக்டர் மருதையன் எனக்கு ஓர் இலவச டிக்கெட்டும் அவருக்கு ஒரு காசு டிக்கெட்டும் அடித்து, இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போவான். பஸ்ஸில் பெரும்பாலும் நாங்கள் இரண்டு பேர்தான். “நம்ம சொந்த வண்டி மாதிரி இருக்குல்ல விண்ணு?” என்பார் ஜெரால்ட். என் முழுப்பெயர் விண்ணரசி.

பங்குனி மாசம் ஒருநாள் மருதையன் கடைக்கு வந்து டீ கேட்டான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

“அக்கா, இந்த ரூட்டை எடுத்துருவாங்க போலருக்குக்கா.”

“ஏன்டா?”

“ஆளே ஏறலியேக்கா. நான் என்ன பண்றது? வெறும் பஸ்ஸை ஓட்டிக்கிட்டு வந்து வெறும் பஸ்ஸை ஓட்டிக்கிட்டுப் போறோம்.”

மறுநாளே டெப்போவுக்குப் போனேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார்.

“உங்க ஊர்ல ஏறுறதுக்கு ஆள் வேணுமேம்மா. ஆள் இல்லாத ஊருக்கு எப்படி பஸ் விடுறது?”

“ஆள் கம்மிதான் சார். கம்மியா இருந்தா உடம்பு நோகாதா? கூட்டமா இருந்தாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?”

அவர் மேஜையிலிருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, ஒரு வாரம் எண்ணிப் பார்க்கிறோம், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கிறோம் என்றார். இலவச டிக்கெட்டும் எண்ணிக்கையில் வருமா என்று கேட்டேன். ஏறுகிற ஆள் எல்லாருமே எண்ணிக்கைதான் என்றார். எனக்கு அங்கேயே நிம்மதி வந்துவிட்டது. ஒரு வாரம்தானே, ஊரையே ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் திடலில் ஊர்க்கூட்டம் போட்டோம். இரண்டு தெருவும் வந்தது. நான்தான் பேசினேன். எனக்கு நிதானமாகப் பேச வராது.

“நீங்கள்லாம் ஏத்தி ஏத்தியே பஸ்ஸைக் கொன்னுட்டீங்க. புண்ணியம்னு நெனச்சு செஞ்சீங்க, எனக்குத் தெரியும். ஆனா என் வீட்டுக்காரருக்கு அந்தப் பஸ்ஸை விட்டா வேற வழி இல்ல. நாளைக்கு உங்களுக்கும் முட்டி தேயும், கண்ணு மங்கும். அப்ப யாரு வண்டில தொத்திக்கிட்டுப் போவீங்க? ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் யாரும் யாரையும் ஏத்தாதீங்க. எல்லாரும் பஸ்ஸுல போங்க.”

பஞ்சநதம் அண்ணன் எழுந்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

“நடக்கிறவனப் பாத்துக்கிட்டே வண்டில போறதா? அது எப்படிம்மா முடியும்?”

“மனசைக் கல்லாக்கிக்கங்கண்ணே.”

“கல்லாக்கச் சொல்றியே, அதுக்கு வழி சொல்லு.”

வழியை அவரே கண்டுபிடித்தார். மறுநாள் காலையில் பார்த்தால் பின்சீட்டில் ஒரு உர மூட்டையை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். உட்கார இடமே இல்லாவிட்டால் ஏறச் சொல்ல வாய் வராது அல்லவா? ஊரே பார்த்துச் சிரித்தது. இரண்டாவது நாள் மற்ற வண்டிகளிலும் உளுந்து மூட்டை, தீவனச் சாக்கு என்று ஏறிவிட்டது. ஜெரால்ட் கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த மூட்டை ஊர்வலத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாசம் ஆகியிருந்தது.

அந்த வாரம் பஸ்ஸைப் பார்த்திருக்க வேண்டும். சந்தைக்குப் போகிறவர்கள், வங்கிக்குப் போகிறவர்கள், ஒரு வேலையும் இல்லாமல் தஞ்சாவூர் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறவர்கள். மங்களாம்பிகை அக்கா தினமும் போனார். மருதையன் டிக்கெட் அடித்துக் கை வலிக்கிறது என்று சந்தோஷமாகப் புலம்பினான்.

செவ்வாய்க்கிழமை நானும் ஜெரால்டும் போய்வந்தோம். வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் மருதையன் ஒரு சேதி சொன்னான். வெள்ளிக்கிழமை மதியம் செக்கர் எங்கள் ஊர் வரைக்கும் பஸ்ஸில் வரப் போகிறார். வந்து திரும்பும்போது ஊரில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நேரிலேயே பார்ப்பார்.

“நீ இங்க இரு விண்ணு,” என்றார் ஜெரால்ட். “நீ இல்லாட்டி இவங்க ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க. நான் போயிட்டு வந்துடுறேன்.”

“தனியாவா?”

“போற பஸ்ஸும் நம்ம பஸ்ஸு, வர்ற பஸ்ஸும் நம்ம பஸ்ஸு. மருதையன் இருக்கான். ஜன்னல் இருக்கு. உன் தலையணை இருக்கு. அப்புறம் என்ன?”

காலை பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். தலையணையைப் பையில் வைக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினார்.

மதியம் பஸ் வருகிற நேரத்துக்கு முன்னாலேயே பெண்களைத் திரட்டித் திடலில் நிறுத்திவிட்டேன். வேட்டி கட்டிய ஆண்களும் நாலைந்து பேர். எல்லாருக்கும் கடையிலிருந்து தண்ணீர் கொடுத்தேன். திருவிழாவுக்குப் போகிற மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டு நின்றோம். அப்போது ஜெரால்ட் போன் செய்தார்.

“விண்ணு, நம்ம பஸ்ஸு ஸ்டாண்டுக்கு வரல. திருவாரூர் பஸ்ஸுல ஏறி வந்து கைகாட்டில இறங்கிட்டேன்.”

“லேட்டா வருது போல. அங்கயே நிழற்குடைல உக்காருங்க. பின்னாடியே வந்துரும். செக்கர் வேற வர்றாருல்ல.”

“அதான் நானும் நெனச்சேன். சரி, நீ ஆளுங்களக் கலைய விடாதே.”

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஆளைக் கலைய விடாதே என்றார். நான் கலைய விடவில்லை. அவர் ரோட்டு முனையில் அந்தப் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார், நான் ஊர் முனையில் அதே பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன்.

பஸ் வரவே போவதில்லை. அன்றைக்குத் திருவாரூரில் தேர். கூட்டம் தாங்காமல் இருக்கிற பஸ்ஸையெல்லாம் தேருக்கு ஸ்பெஷலாக அனுப்பிவிட்டார்கள். எங்கள் பஸ்ஸும் போய்விட்டது. காலையில் அவரை ஏற்றிக்கொண்டு போன மருதையனுக்கே மதியம்தான் சொன்னார்களாம். இதெல்லாம் எங்களுக்கு அப்புறம்தான் தெரியும்.

கைகாட்டியில் நடந்ததை எனக்கு ஒவ்வொருத்தராக வந்து சொன்னார்கள். சொல்லும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கைகாட்டிக்கு முதலில் வந்தவர் பஞ்சநதம் அண்ணன். ரோட்டில் பூச்சி மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியவர், நிழற்குடையில் இவரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தியிருக்கிறார். நிழற்குடை என்று பெயர்தான், மேலே தகரம். பங்குனி வெயிலில் அதற்குக் கீழே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அண்ணன் மூட்டைக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருக்கிறார். இவர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

“வேணாம் மச்சான். பஸ்ஸு பின்னாடியே வருது.”

“மாப்ளே, மொகம் வெளுத்துக் கெடக்கு. மெதுவா ஓட்டுறேன், என்னைக் கெட்டியாப் புடிச்சுக்க.”

“எனக்காக ஊரே மூட்டையக் கட்டிக்கிட்டு அலையுது. நானே வண்டில வந்து எறங்கினா நல்லாவா இருக்கும்? செக்கர் வர்ற நேரம். நீங்க போங்க.”

அண்ணன் பாதி அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவருக்குப் பின்னால் மூன்று நான்கு வண்டிகள் வந்தன. எல்லாம் எங்கள் ஊர் வண்டி. பிறந்ததிலிருந்து ஒரு ஆளை நடக்க விட்டறியாத மனுஷர்கள். “பஸ்ஸு வருதுல்ல?” என்று வண்டியில் இருந்தபடியே கேட்டார்கள். இவர் கையைத் தூக்கிக் காட்டினார். அவர்கள் போய்விட்டார்கள். ஒருத்தன் கொஞ்ச தூரம் போய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தானாம். அப்புறம் விண்ணரசி அக்கா திட்டும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டானாம். இதை அவன் என் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று தெரியாது. பிறகு நடக்க ஆரம்பித்திருக்கிறார்.

திடலில் பெண்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஜெரால்டுக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். யாரையும் கேட்காமல் ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். அப்போதுதான் பஞ்சநதம் அண்ணன் வயலிலிருந்து வந்துகொண்டிருந்தார். நடு ரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

“ஏத்துங்கண்ணே! என்னை ஏத்துங்க!”

அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. முடிச்சை அவிழ்க்க வரவில்லை அவருக்கு. இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தார். மூட்டை விழுந்து கிழிந்து வெள்ளையாக உரம் ரோடெல்லாம் கொட்டியது. அதன் மேலேயே வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம்.

ஜெரால்ட் மதகில் இருந்தார். மதகுச் சுவரில் சாய்ந்து, காலை வாய்க்கால் பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லாத மாசம். தலைக்கும் கல்லுக்கும் நடுவில் அந்தத் தலையணையை வைத்திருந்தார். பஸ்ஸில் எப்படி வைப்பாரோ அப்படி. நான் கையைத் தொட்டேன். சூடாக இருந்தது. உயிர் இருக்கிறது என்று கத்தினேன். அது வெயிலின் சூடு.

அவரைக் கடைசியில் வண்டியில்தான் ஏற்றினோம். முன்னால் அண்ணன், நடுவில் அவர், பின்னால் நான் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு. அவர் தலை அண்ணன் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. “மாப்ளே, மாப்ளே” என்று அண்ணன் பேசிக்கொண்டே ஓட்டினார். கைகாட்டிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர் பார்த்துவிட்டு, உயிர் போய் நேரமாகிவிட்டதம்மா என்றார்.

மறுநாள் அடக்கம். கோயிலில் துக்க மணி அடித்தது. எங்கள் மகள் லின்சி பட்டுக்கோட்டையிலிருந்து வந்து, “எங்கப்பாவ ரோட்டுல விட்டுட்டீங்களே” என்று அத்தனை பேரையும் பார்த்து அழுதாள். பெட்டியில் வைக்க வெள்ளைச் சாட்டின் தலையணை வந்திருந்தது. அதை எடுத்துவிட்டு நான் தைத்த தலையணையை வைத்தேன்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தஞ்சாவூர், திருவாரூர், பட்டுக்கோட்டை, எங்கெங்கிருந்தோ வந்தார்கள். குவைத்தில் அவரோடு வேலை பார்த்து ஊர் திரும்பியவர்கள் வந்தார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளெல்லாம் திறந்தன. கட்டுப்பாடு முடிய இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. அதை முடித்துக்கொள்ளலாம் என்று என்னிடம் வந்து சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அதனால் ஒருத்தரும் யாரையும் ஏற்றவில்லை. சாவுக்கு வந்த அத்தனை பேரும் பஸ்ஸில்தான் வந்தார்கள், பஸ்ஸில்தான் போனார்கள். படியில் தொங்கிக்கொண்டு போனார்கள்.

மருதையன் மாலையோடு வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு டிக்கெட் மெஷின் தோளில் தொங்க அப்படியே உள்ளே வந்து பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

“இந்த ரூட்ல இப்படி ஒரு கூட்டம் நான் பாத்ததே இல்லக்கா,” என்றான். அவன் அதைத் தப்பாகச் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னான். “செக்கர் இன்னிக்குத்தான் வந்தாருக்கா.”

ரூட்டை எடுக்கவில்லை. தேருக்குப் போன மதியத்தை விட்டுவிட்டு, அடக்கம் நடந்த நாளைச் சேர்த்துக்கொண்டார்கள். எண்ணிக்கை தேவைக்கு மேலேயே இருந்ததாம். மேனேஜர் போன் செய்து, சந்தோஷமான சேதி என்று ஆரம்பித்தார். நான் நன்றி சார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என் புருஷன் செத்துத்தான் அந்தப் பஸ்ஸை நிரப்பினார் என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

முப்பதாம் நாள் பூசை முடிவதற்குள் ஊர் பழையபடி ஆகிவிட்டது. பழையபடி என்றுகூடச் சொல்ல முடியாது, முன்னைவிட மோசம். இப்போது ஒரு ஆளை ரோட்டில் பார்த்தால் பயந்துபோய் ஏற்றுகிறார்கள். வேண்டாம் என்றாலும் விடுவதில்லை, கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறார்கள். பஸ் மறுபடி காலியாக வருகிறது. கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை. எந்த வாயால் சொல்வேன்?

பஞ்சநதம் அண்ணனோடு நான் பேசவில்லை. கோபமா என்று லின்சி கேட்டாள். அவர் ஏற்றவில்லை என்று கோபப்படவா, ஏற்றாதீர்கள் என்று சொன்னது நான்தானே? கோபம் யார் மேல் என்று தெரியவில்லை எனக்கு. அவர் முகத்தைப் பார்த்தால் அந்த மூட்டைதான் தெரிகிறது.

அவர் தினமும் மதியம் வெறும் பின்சீட்டோடு கைகாட்டிக்குப் போகிறார் என்று மங்களாம்பிகை அக்கா சொன்னார். பஸ் வந்து ஊருக்குள் திரும்புகிறவரைக்கும் அங்கேயே நிற்பாராம். யாராவது தனியாக நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சாப்பிடுவாராம். நடவு நாளில்கூட விடுவதில்லையாம்.

ஐப்பசியில் ஒருநாள் கடைக்குச் சாமான் வாங்கத் தஞ்சாவூர் போனேன். திரும்பும்போது மழை. எங்கள் ஊர் பஸ் தஞ்சாவூர் ஸ்டாண்டுக்கு வந்து சேரவில்லை. திருவாரூர் பஸ்ஸில் ஏறிக் கைகாட்டியில் இறங்கினேன். அவரைப் போலவே.

நிழற்குடைக்கு வெளியே அண்ணன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். ஏறும்மா என்று சொல்ல வந்தவர் சொல்லாமல் நின்றுவிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார்.

இரண்டு பேரும் மதகு வரைக்கும் நடந்தோம். வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டுப் போயிற்று. மதகு இரைந்தது. அந்தச் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அண்ணனும் நின்றார்.

“கயித்த அவுத்துட்டேன் தங்கச்சி,” என்றார். “பாதி அவுத்துட்டேன். அவன் கையைப் புடிச்சான்.”

“தெரியும்ணே.”

“கையத் தட்டிவிட்டு ஏத்தியிருக்கணும்.”

அவர் வாய்விட்டு அழுதார். அறுபது வயசு மனுஷர், மழையில் வண்டி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னாலும் தாங்க முடியவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. எங்கள் பஸ்தான், லேட்டாக வந்தது. மருதையன் படியில் நின்றுகொண்டு, “அக்கா, ஏறுங்க, நனையாதீங்க” என்று கத்தினான்.

ஏறினேன். அண்ணன் வண்டியை மதகோரம் ஸ்டாண்டு போட்டுப் பூட்டிவிட்டு அவரும் ஏறினார். பஸ்ஸில் எங்களைத் தவிர ஆள் இல்லை. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அண்ணன் என் பக்கத்தில் உட்காராமல் பின்சீட்டில் உட்கார்ந்தார். மருதையன் வந்து ஓர் இலவச டிக்கெட்டும் ஒரு காசு டிக்கெட்டும் அடித்தான். பழக்கத்தில் இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. திரும்ப வாங்கிக்கொள்ளவும் தெரியாமல், போகவும் தெரியாமல் நின்றான்.

“இருக்கட்டும்டா,” என்றேன்.

ரோடு மோசம், பஸ் குலுங்கிக்கொண்டே போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தேன். ஜன்னல் கம்பியில் தலை இடித்தது. தலையணை அவரோடு போய்விட்டது. ஊர் வருகிறவரைக்கும் தலையை நகர்த்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு வந்தேன்.